அடிப்பக்கம்

பதினெட்டு ஃப்ராங்க்.
ஓல்ட்டன் பழம்பொருள் கடையிலிருந்து
பிள்ளையைப் போல் இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தேன்.
பச்சை நிறம். பெயர்த் தகடு உரிந்துபோயிருந்தது.
முழங்காலால் நெம்பினால் ஓடும்.
பெரிய ஆசையொன்றும் இல்லை எனக்கு,
பகலில் தூங்க ஒரு கறுப்புத் திரை.

இரவெல்லாம் தபால் கூடத்தில்
ஊராருடைய பொதிகளைப் பிரித்து அடுக்கிவிட்டு
ஆறரை ரயிலில் வந்து படுத்தால்
ஆரே ஆற்றில் பட்டுத் தெறிக்கிற வெயில்
இமையைத் தட்டி எழுப்புகிறது.

முதல் தையல்.
மேலே பார்த்தால் எறும்பு வரிசை.
திருப்பிப் பார்த்தால்
இடியப்பம்.

அடியில் சிக்கல் என்றால்
அடிநூல்தானே குற்றவாளி?
பாபின் உறையின் பொடித் திருகை
கால் சுற்று இறுக்கினேன்.
இன்னும் ஒரு கால்.
அப்புறம் கோபத்தில் அரை.
இறுக்க இறுக்க இடியப்பம் பெருத்தது.
பிரித்தேன், தைத்தேன், பிரித்தேன்.
மூன்று நாள் விடுமுறையும்
இப்படியே நூலாகிக் குப்பைக்கூடைக்குள் போனது.

வேலை முடிந்து வந்த புவி
ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தான்.
'கடையில் தைத்தே கிடைக்குமே'
என்று சொல்ல வாயெடுத்து
என் முகத்தைப் பார்த்துவிட்டு
சோறு போட்டுக்கொள்ளப் போனான்.

பத்து மணிக்குப் பிறகு சத்தம் கூடாது.
படிக்கட்டுச் சுவரில் ஃப்ராவ் எபிஷர்
கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய விதி.
ஆகவே முழங்காலுக்கு ஓய்வு கொடுத்து
சக்கரத்தைக் கையால் உருட்டினேன்,
ஒரு தையல், ஒரு மூச்சு.
ஊசி இறங்கியது.
கீழே கொக்கி வந்து நூலைக் கவ்விச் சுற்றியது.
மேலே, தகடுகள் இரண்டுக்கும் நடுவில்
பிடிபட்டிருக்க வேண்டிய மேல்நூல்
அவற்றின் விளிம்பில் சும்மா சாய்ந்திருந்தது,
வேலை நேரத்தில் வாசலில் நின்று
புகை பிடிக்கிறவனைப் போல.

அமுக்குக் கால் இறங்கியிருந்தால்
தகடுகள் வாயை மூடிக்கொள்ளும்.
மூடிய வாய்க்கு நான்
மூன்று நாளாய் நூல் ஊட்டியிருக்கிறேன்.

அடிநூலை எப்படியெல்லாம் ஏசினேன்.
அது பாவம், நேராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

காலை உயர்த்தினேன்.
நூலை முதலிலிருந்து கோத்தேன்.
தகடுகளுக்குள் அது நழுவி அமர்ந்தபோது
விரல் நுனியில் சின்ன இழுவை தெரிந்தது.
மொண்ணை ஊசியை மாற்றினேன்.
பல்வரிசைக்கு அடியில்
யாரோ ஒருத்தியின் நீலக் கம்பளிப் பஞ்சு,
அவள் என்ன தைத்தாளோ, யாருக்கோ.
ஊசிமுனையால் கிளறி எடுத்தேன்.
பாபின் உறையை அதன் நூலிலேயே தொங்கவிட்டு
மணிக்கட்டைச் சுண்டினேன்.
அசையவில்லை, அத்தனை இறுக்கம்.
கோபத்தில் திருகியதைத் திருப்பிக் கொடுத்தேன்
ஒரு விரல் அகலம் இறங்கி
அது தானாக நிற்கும் வரை.

தைத்தேன்.
இப்போது முடிச்சு
துணியின் நடுவயிற்றில் போய் ஒளிந்துகொண்டது.
எது மேல் எது கீழ் என்று
எனக்கே சந்தேகம் வந்தது.
சமையலறை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
தூங்குகிறவனை எழுப்பிக் காட்டலாமா என்றுகூட.
எழுப்பவில்லை.

மறுநாள் இரவு வேலை.
காலையில் நான் கதவைத் திறக்க
அவன் பை மாட்டிக்கொண்டு வெளியேற
நடைவழியில் தோளோடு தோள் உரசினோம்.
'திரை மாட்டிவிட்டேன்' என்றான் படியில் இறங்கியபடி.
அவன் படுத்திருந்த பக்கம் இன்னும் சூடாக இருந்தது.

இருட்டு. நல்ல இருட்டு.
பிறகு சூரியன் ஆற்றைத் தாண்டியது.
திரையின் கீழ்மடிப்புக்குச் சற்று மேலே
ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சப் புள்ளிகள்,
நான் பிரித்த தையல்களின் துளைகள்.
ரப்பர் பூசிய துணி, குத்தியதை மறக்காது.
ஒரு வரி வளைந்து போகிறது.
ஒரு வரியில் நெருக்கம், அது கோபம்.
நேராக வந்த கடைசி வரி மட்டும்
நூல் நிறைந்து இருண்டு கிடக்கிறது.

கறுப்பு டேப் வாங்கி ஒட்ட வேண்டும்.
நாளைக்கு.
இடமிருந்து எண்ணத் தொடங்கினேன்.
நாற்பத்து மூன்றோ நாலோ,
அதற்கு மேல் நினைவில்லை.